சமாதானக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு அமைதி வந்துவிடுமா?

உசிலம்பட்டிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "எங்கள் ஊரில் கோயில் திருவிழாவை வைத்து இரண்டு தரப்புக்கும் தகராறு. ஏற்கெனவே இரண்டு தடவை சமாதானக் கூட்டம் போட்டு எழுதி வாங்கினார்கள், மறுபடியும் சண்டைதான். அடுத்த வாரம் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் மூன்றாவது கூட்டம், எங்கள் தரப்பில் அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போய் 75 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஞ்சாயத்து இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, இன்னும் ஏன் இப்படி? நிலைத்து நிற்கிற அமைதிக்கு அரசாங்கம் என்னதான் செய்ய முடியும்?"

தம்பி, நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் இந்த மதுரை மாவட்டத்துத் தாலுகாக்களில்தான். சமாதானக் கூட்டங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கூட்டம் சண்டையை நிறுத்தும். சில நேரம் உயிரைக்கூடக் காப்பாற்றும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அமைதியைக் கொண்டுவருகிற வேலை அந்தக் கூட்டத்துக்குத் தரப்பட்டதே இல்லை. அந்த வேலை வேறு இடத்தில், வேறு மாதிரி நடக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களின் கதையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

முதலில் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நடுவில், பக்கத்தில் டிஎஸ்பி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தத் தரப்பில் ஐந்து பேர், அந்தத் தரப்பில் ஐந்து பேர். பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள், நான் எழுதிய குறிப்புகளில் ஒரு பெண்ணின் கையெழுத்தைப் பார்த்த நினைவே இல்லை. ஒரு தரப்பு பேசும்போது இன்னொரு தரப்பு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் போனதும் டீ வரும், அப்புறம் காகிதம் வரும். "சட்டம் ஒழுங்குக்குப் பங்கம் ஏற்படாத வகையில் நடந்துகொள்வதாக இரு தரப்பினரும் ஒப்புக்கொள்கிறோம்" என்ற வரி எல்லாக் காகிதத்திலும் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன். ஒத்துவரவில்லை என்றால் அமைதியாக இருப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குகிற 107-ஆம் பிரிவு, இல்லையென்றால் தடை உத்தரவு போடுகிற 144-ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்ணும் 1898-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தவை, 1973-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அதே எண்ணோடு வந்தன, 2024 ஜூலையிலிருந்து 126, 163 என்று மாறியிருக்கின்றன. எண் மாறியதே தவிர நினைப்பு மாறவில்லை. ஊர் என்றால் கலவரம் வரக்கூடிய இடம், அதிகாரி வெளியிலிருந்து வந்து இரு கூட்டத்தையும் பிரித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே அந்த இரண்டு பிரிவிலும் இடம் கிடையாது. ஏனென்றால் அதை எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை, வரி ஒழுங்காக வசூலாக வேண்டும், ரோடு திறந்திருக்க வேண்டும்.

அந்த ஆட்சி ஒரு ஊரை எப்படிப் பார்த்தது என்பதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பிறந்த சாதியை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று பதிவு செய்து, கைரேகை வாங்கி, ராத்திரியில் ஆம்பிளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று கணக்கு வைத்து, வெளியூர் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு போ என்று சொன்ன சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க முடியாது என்று நின்ற ஊர்மேல் போலீஸ் சுட்டதில் 15-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. என் சர்வீஸ் ஆரம்பத்தில் ஒரு வயதான ஐயா, எந்தக் காகிதத்தில் பெருவிரல் வைக்கச் சொன்னாலும், முதியோர் உதவித்தொகைக்கு என்றாலும், கை நடுங்கிப் பின்னால் இழுத்துக்கொள்வார். வயசான நடுக்கம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் பேரன்தான் விவரம் சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பகுதியில் அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு தரப்பில் மட்டும் இல்லை. அரசாங்கம் வந்தால் நம்மை அவமானப்படுத்த வரும் என்று ஒரு தரப்பு பாட்டன் காலத்திலிருந்து நினைக்கிறது. அரசாங்கம் வந்தாலும் நமக்காக நிற்காது, ராத்திரி ஆனால் வேன் ஏறிப் போய்விடும் என்று இன்னொரு தரப்பு நினைக்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. இந்த இரண்டு நினைப்பும் அப்படியே இருக்கும்போது நடுவில் ஒரு காகிதத்தை வைத்தால் அது எத்தனை நாள் நிற்கும்?

சுதந்திரம் வந்தபோது இதை மாற்ற ஆசைப்பட்டார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. மதுரையிலேயே அதற்கு முன்னோட்டம் நடந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்களில் மேலூர் தும்பைப்பட்டி கக்கனும் ஒருவர், அவர் பின்னாளில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சரே ஆனார். அந்தக் கோயில் நுழைவு நிலைத்ததற்கு ஒரு காரணம், உள்ளே போனதோடு விட்டுவிடாமல் அதே வருஷம் அரசாங்கம் சட்டம் போட்டு அதற்குப் பின்னால் நின்றது. 1950-ல் அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது, 40-ஆம் பிரிவில் கிராமப் பஞ்சாயத்து அமைக்கச் சொன்னது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் என்று அம்பேத்கருக்குத் தெரியும். கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களை அவர் 1948 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்திருக்கிறார். கிராமத்திடம் அதிகாரத்தைக் கொடுத்தால் அது கிராமத்தில் யாரிடம் போய்ச் சேரும் என்பதுதான் அவர் கவலை. காந்தி வழி வந்தவர்களும் தவறில்லை. ஊர் தன்னைத்தானே ஆளாமல் டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆண்டால் அது பழைய கலெக்டர் ராஜ்ஜியம்தான். நாம் ரொம்ப நாள் அந்த ராஜ்ஜியத்திலேயே இருந்துவிட்டோம்.

1957-ல் நம் பக்கத்து ராமநாதபுரத்தில் நடந்த முதுகுளத்தூர் சாதிக் கலவரம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒரு தேதியைக் கவனிப்பதில்லை. முதுகுளத்தூரில் கலெக்டர் தலைமையில் தலைவர்களைக் கூட்டி வைத்து சமாதானக் கூட்டம் நடந்தது செப்டம்பர் 10. தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொலை செய்யப்பட்டது செப்டம்பர் 11 ராத்திரி. செப்டம்பர் 14 கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். கூட்டம் முடிந்த நான்கு நாளுக்குள் இவ்வளவும் நடந்துபோனது. கூட்டம் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. போடாமல் இருந்திருந்தால் மட்டும் நன்றாக இருந்திருக்கும் என்றும் யாரும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் நிலம், கூலி, ஓட்டு, மரியாதை என்று மண்டிக் கிடந்ததை ஒரு பகல் பேச்சில் முடித்துவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தது, அதைச் சொல்கிறேன்.

அப்புறம் பஞ்சாயத்துகளுக்காக அரசியல் சட்டத்தில் வந்த 73-ஆவது திருத்தம். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம், 1996-ல் தேர்தல். முதல் தடவையாக, தலைவர் நாற்காலியே இந்த ஊரில் பட்டியல் சாதியினருக்கு என்று அரசாங்கம் எழுதி வைத்தது. மேலவளவு அதில் ஒன்று. அங்கே வேட்பு மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடு எரிந்தது, தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வழிமறித்து வெட்டினார்கள். அவரோடு துணைத் தலைவர் உட்பட மொத்தம் ஆறு பேர். தம்பி, அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் ஆபீஸ் குவார்ட்டர்சில் யாரும் தூங்கவில்லை. ஒரு மனுஷன் நியாயம் கேட்டு அரசாங்கத்தின் வாசலுக்கு வந்திருக்கிறார், திரும்பிப் போகும் வழியில் அவரைக் காப்பாற்ற ஒருத்தரும் இல்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு, அதில் உட்கார்வதற்கான பாதுகாப்பைக் கொடுக்காமல் விட்டது நிர்வாகத்தின் பெரிய பாவம். 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் அதில் 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். அந்த விடுதலைச் செய்தியைக் கேட்டபோது அந்த ஊர்த் தெருக்களில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் பக்கம் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து வருஷம் நிலையான தலைவர் இல்லாமலேயே போனது. யாரும் மனு போட மாட்டார்கள், இல்லை ஊரே ஒருவரை நிறுத்தும், ஜெயித்தவர் உடனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ரொம்ப அமைதி, ஒரு கலவரம் கிடையாது. எங்கள் துறைக் கணக்கில் அவை பிரச்சனை இல்லாத ஊர்கள். சத்தம் வராத இடத்தில் அமைதி இருக்கிறது என்று எழுதிக்கொள்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது, அந்தப் பத்து வருஷமும் அந்த ஊர்களில் ஒரு சாராருக்கு வாயே இல்லை என்பது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை. 2006 அக்டோபரில் உதயச்சந்திரன் மதுரை கலெக்டராக இருந்தபோது நிலைமை மாறியது. அதிகாரிகள் ஊருக்குள் போய்ப் போய்ப் பேசினார்கள், ரோடு, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று இரண்டு தரப்புக்கும் வேண்டியதைப் பேசினார்கள், ஆனால் நாற்காலி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தேர்தல் நடந்தது, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள், அடுத்த மாதம் சென்னையில் சமத்துவப் பெருவிழா என்று கொண்டாடினார்கள். 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கு வந்தது உங்களுக்கே நினைவிருக்கும்.

உத்தப்புரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பிரச்சனைக்கு அதுதான் ரொம்பப் பக்கம். 1989-ல் தலித் மக்களுக்கும் இன்னொரு சாதியினருக்கும் மோதல், பிறகு ஓர் ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தின் பிள்ளையாகத்தான் தெருவை மறித்து அந்தச் சுவர் எழும்பியது. சமாதானத்துக்காகக் கட்டிய சுவர் என்று அதை நியாயப்படுத்தியவர்கள் உண்டு. சண்டை போடுகிற இரண்டு பிள்ளைகளைத் தனித்தனி அறையில் பூட்டிவைக்கிற மாதிரி. 2008 மே 6 அன்று அதில் 15 அடியை அரசாங்கமே இடித்துப் பாதை விட்டது. 2011 அக்டோபரில் மறுபடி ஒப்பந்தம், நவம்பர் 10-ல் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், இப்போதும் படுகிறேன். ஆனாலும் அதற்குப் பிறகும் வழிபாட்டை ஒட்டி அங்கே தகராறு வந்திருக்கிறது. 1989 காகிதம் பிரித்து வைத்தது, 2011 காகிதம் பாதை, பஸ் நிழற்குடை, கோயில் என்று பெயர் சொல்லி எழுதியது. இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனால் கையெழுத்தான மறுநாளிலிருந்து அதை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள அந்த ஊருக்குள்ளேயே ஓர் அமைப்பு வேண்டும், அதிகாரியோ இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்.

இது மதுரைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இலங்கையில் அதே 1957-ஆம் வருஷம் ஜூலையில் பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த ஏப்ரலில் பிக்குகளின் எதிர்ப்பில் கிழிந்துபோனது. 1987-ல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தால் 13-ஆவது திருத்தம் வந்தது, மாகாண சபை வந்தது, காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் எழுத்தில் இருந்தும் கைக்குப் போகவில்லை. 2019-க்குள் ஒன்பது மாகாணங்களிலும் சபைகளின் காலம் முடிந்துவிட்டது, தேர்தல் வைக்காமல் ஆளுநர்களை வைத்தே ஓட்டினார்கள். 2009-ல் துப்பாக்கிச் சத்தம் நின்றது உண்மை. ஆனால் இங்கே மதுரைப் பக்கம் ஆனையூர், திருவாதவூர் அகதி முகாம்களில் இருக்கிற எத்தனை பேர் அந்த அமைதியை நம்பி மூட்டை கட்டினார்கள்? மிசோரத்தில் வேறு மாதிரி நடந்தது. 1966-ல் ஆயுதம் எடுத்தவர்கள், 20 வருஷம் காட்டில் இருந்தவர்கள், 1986 ஜூனில் உடன்படிக்கை போட்டார்கள். அடுத்த வருஷம் மாநிலமாக்கினார்கள், அவர்களின் தலைவர் லால்டெங்காவே முதலமைச்சராக உட்கார்ந்தார், பிறகு தேர்தலில் தோற்கவும் செய்தார், யாரும் திரும்பக் காட்டுக்குப் போகவில்லை. அங்கே கையெழுத்துக்குப் பின்னால் நிஜமான நாற்காலி இருந்தது. இலங்கையோ மிசோரமோ நம் ஊரோ, நான் பார்த்தவரை விஷயம் இந்த இடத்தில்தான் தங்குகிறது.

சரி, நான் கண்ணால் பார்த்த ஓர் ஊரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மதுரைக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. மேற்குத் தெரு மக்கள் பிணத்தைக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு பட்டா நிலத்து வரப்பில் ஏறித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் வரப்பு கரைந்துபோய், பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். நிலத்துக்காரர் ஒரு சாவுக்கு விடுவார், அடுத்த சாவுக்கு வேலி போடுவார். பிணத்தை நடுரோட்டில் வைத்து மறியல். உடனே சமாதானக் கூட்டம். மூன்று கூட்டத்துக்கும் நான்தான் குறிப்பு எழுதினேன். மூன்றிலும் ஒரே முடிவு: "இந்த ஒரு முறை மட்டும் மேற்படி வழியாக எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுகிறது. இதனை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது." அந்த இரண்டாவது வரியை எழுதும்போது என் கை ஒரு தடவைகூட நிற்கவில்லையே என்று இன்றைக்கு வருத்தப்படுகிறேன். அதன் அர்த்தம் என்ன? அடுத்து யாராவது செத்தால் மறுபடியும் ரோட்டில் உட்காருங்கள் என்றுதானே?

நான்காவது தடவை புதுத் தாசில்தார் ஒருவர் வந்திருந்தார். இரண்டு தரப்பும் உட்கார்ந்த பிறகு, யாரும் பேசுவதற்கு முன்னால், "அந்தப் புல எண்ணின் எஃப்எம்பி எங்கே?" என்று கேட்டார். நில அளவைப் படம். எங்களிடமே ரெக்கார்டு ரூமில் இருந்தது, யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்து மேஜைமேல் விரித்தால், ஓடை வரைக்கும் வண்டிப்பாதை புறம்போக்கு என்று கோடு போட்டிருக்கிறது. பாதை எப்போதும் இருந்திருக்கிறது! உழுது உழுது வயலோடு சேர்த்துவிட்டார்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான பாதையில் நடக்க அரசாங்கமே மூன்று தடவை இன்னொருத்தரிடம் சம்மதம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. மறுநாள் சர்வேயர் சங்கிலியோடு போனார், கல் நட்டார்கள். நிலத்துக்காரர் சத்தம் போட்டார், ஆனால் படத்தைக் காட்டியதும் ஊரில் அவருக்காக நின்றவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள். தங்கள் மரியாதை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் யாரும் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை, கல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போனது.

கல் நட்டால் பாதை ஆகிவிடாது, மண் கொட்ட வேண்டும், ஓடையில் சிறு பாலம் போட வேண்டும். ஊராட்சி நிதி இருந்தது. தலைவர் அந்த முறை தனித்தொகுதியில் ஜெயித்த ஓர் அம்மா, மேற்குத் தெரு. ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பது விதி. துணைத் தலைவர் நிலத்துக்காரரின் பங்காளி. அவர் மறுப்பதாகச் சொல்லவே மாட்டார், "பார்க்கலாம், வைத்துவிட்டுப் போங்கள்" என்பார். ஏழு மாதம் ஒரு பில்லும் நகரவில்லை. தனித்தொகுதித் தலைவர்களை முடக்க யாரும் அரிவாள் எடுக்க வேண்டியதில்லை, இந்த ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்தால் போதும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தம்மா அதுவரை ஆபீசுக்கு வந்ததில்லை, எழுத்தர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள், "இனிமேல் எந்தக் கையெழுத்தும் ஆபீசில்தான்" என்று சொல்லிவிட்டு தினம் பத்து மணிக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மணி வரை.

சித்திரை மாதம் கிழக்குத் தெரு தண்ணீர் மோட்டார் காயில் எரிந்துபோனது. துணைத் தலைவர் தெரு அது. குடத்தோடு பெண்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள், பாதிப் பேர் அந்தம்மா முகத்தைப் பார்த்துப் பேசாமல் எழுத்தரைப் பார்த்துப் பேசினார்கள். அந்தம்மா உசிலம்பட்டிக் கடைக்காரருக்குத் தன் பொறுப்பில் சொல்லி, அன்றைக்கே காயில் கட்டி, சாயங்காலம் தண்ணீர் விட்டார். மறுவாரம் கடைக்காரர் பில்லோடு வந்தபோது அதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். இந்தத் தடவை "வைத்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல முடியவில்லை, அவர் வீட்டுப் பெண்களே வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தம்மா மோட்டார் பில்லோடு பாதை எஸ்டிமேட்டையும் அதே மேஜையில் வைத்தார். இரண்டிலும் கையெழுத்து விழுந்தது. ஆடி மாதத்துக்குள் பாலம் போட்டாகிவிட்டது.

அந்த ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் பழைய பழக்கம் அதற்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தது, கோயில் முதல் மரியாதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் சாவு விஷயமாக அந்த ஊரிலிருந்து ஒரு மனு எங்கள் ஆபீசுக்கு மறுபடி வந்ததில்லை. அந்தம்மாவின் பதவிக்காலம் முடிகிற சமயத்தில் கிழக்குத் தெருப் பெண்கள் தண்ணீர் வரவில்லை என்றால் நேராக அவர் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. தலைவர் என்று ஒப்புக்கொண்டதால்தானே திட்டுகிறார்கள்.

இப்போது வழக்கு விஷயம். சமாதானக் காகிதத்தில் இரு தரப்பும் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஒரு வரி வரும். சாதிக் கொடுமைக்காகப் போட்ட பி.சி.ஆர். கேஸ் ஒரு பக்கம், அதைச் சரிக்கட்ட கவுன்ட்டர் கேஸ் ஒரு பக்கம், இரண்டையும் தட்டில் வைத்து இதற்கு அது என்று முடிப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கெட்ட வார்த்தையும் தள்ளுமுள்ளுமாகப் போன தகராறை முடித்துக்கொள்ளலாம், அடிபட்டவர், வீடு எரிந்தவர், அவமானப்படுத்தப்பட்டவர் வழக்கை அமைதி என்ற பேரில் கைவிடச் சொல்வது அவரிடம் மறுபடியும் வரி வசூலிப்பது மாதிரி. தண்டிக்கத்தான் வேண்டும் என்றுகூட இல்லை, நடந்தது நடந்தது என்று ஒரு கோர்ட் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற சமாதானத்தில் ஒருத்தர் ஊமையாக்கப்பட்டிருப்பார்.

இன்றைய நிலைமை எனக்குக் கவலையாக இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தனி அலுவலர்களை வைத்தார்கள். நல்ல அதிகாரியாகவே இருக்கட்டும், பல ஊர்களுக்கு ஒருவர், அவரைத் திட்ட யாரும் பத்து மணிக்கு ஆபீஸ் வாசலுக்குப் போக முடியாது. ஊருக்குள் இருந்த நாற்காலி போய், மறுபடி எல்லாமே தாலுகா ஆபீசிலும் ஸ்டேஷனிலும் முடிகிற காலத்துக்கு வந்து நிற்கிறோம், உங்கள் மூன்றாவது கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக அப்பாவுக்கு. கூட்டத்துக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள், போகாமல் இருந்தால் வராதவர்கள்மேல் பழி எழுதுவது சுலபம். போவதற்கு முன் தகராறு கோயிலைப் பற்றியதா, கோயில் போகிற தெருவைப் பற்றியதா, கோயில் இடத்தைப் பற்றியதா என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், மூன்றும் ஒன்றாகப் பேசப்படும்போது எதுவும் முடியாது. தெரு என்றால் அது ஊராட்சித் தெரு, அதில் யார் நடக்கலாம் என்பது பேச்சுவார்த்தைக்கு உரிய விஷயமே இல்லை, புல எண்ணைக் குறித்துக்கொண்டு படத்தை விரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோயில் அறநிலையத் துறையில் இருக்கிறதா, ஊர்ப் பொதுவா, தனிக் குடும்பத்துக்கா என்பதற்கு ஆவணம் கேளுங்கள். முந்தைய இரண்டு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகலை இப்போதே மனுப் போட்டு வாங்கிவிடுங்கள், அதில் யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டு செய்யவில்லை என்பதை அடிக்கோடிட்டு எடுத்துப் போகட்டும். புதுக் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை, தேதி, பொறுப்பான அலுவலரின் பதவி மூன்றும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அம்மாவையோ அத்தையையோ கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள், பெண்களும் வரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "இந்த ஒரு முறை மட்டும்" என்று ஒரு வரி வந்தால், குறிப்பு எழுதுகிறவரிடம் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு என்ன என்று அந்த மேஜையிலேயே கேட்கட்டும்.